இரண்டு அணி, ஒரு முகூர்த்தப் புடவை

மீசை வைத்த மணப்பெண்ணை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் வேலை நாட்களில் எல்லாம் பார்த்திருக்கிறேன்.

பட்டுப் புடவையை விரித்துக் காட்டினால் அது வெறும் துணி. தோளில் போட்டு, முந்தியை இடது கையில் வழியவிட்டு, இடுப்பருகே கொசுவத்தைப் பிடித்துக் காட்டினால்தான் புடவை. எங்கள் கடையில் அந்த வேலைக்குக் கோவிந்தராஜை மிஞ்ச ஆள் இல்லை. ஐம்பது வயது, வட்டமான தொப்பை, முறுக்கிய மீசை. அந்த உடம்பின் மேல் அரக்குப் பட்டு ஏறியதும், எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்கள் தொப்பையை மறப்பார்கள், மீசையை மறப்பார்கள், கூட வந்த கணவரையே மறப்பார்கள்.

அன்று மத்தியானம் கண்ணாடிக்கு முன்னால் அரக்குப் புடவையில் கோவிந்தராஜ் நின்றுகொண்டிருந்தார். கூடத்தின் மறுமூலையில் இலைப் பச்சைப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு பர்வீன். நடுவில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தைகளின் மேல் இரண்டு குடும்பங்கள். பெண் வீட்டார் போளூர், மாப்பிள்ளை வீட்டார் தேசூர். காலையில் ஒரே வேனில் சிரித்துக்கொண்டு வந்து இறங்கியவர்கள், இப்போது ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வேட்டியை உதறினார்.

“டிரைவர வண்டிய எடுக்கச் சொல்லு.”

வண்டி கிளம்பினால் வியாபாரம் மட்டும் போகாது, கல்யாணமே போய்விடும் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. வரதட்சணைச் சண்டை இல்லை. ஜாதகத்தில் கோளாறு இல்லை. காரணம், எங்கள் கடையின் விற்பனை ஊக்கத் திட்டம்.

எப்படி என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பின்னால் போவது எனக்கு எப்போதுமே சுலபம்.

விற்கத் தெரியாதவனின் பதவி

வீடு வீடாகக் குக்கர் விற்கப் போய் நான் தோற்ற கதையைப் போன வாரம் இதே பக்கத்தில் படித்துவிட்டு, இப்படிப்பட்டவனை எவர் நம்பி விற்பனை மேனேஜராகப் போட்டார் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆரணியில் நின்றுகொண்டு ஒரு படி ஆரணி அரிசியை என்னால் விற்க முடியாது.

கடை முதலாளி தனபாலுக்கு அது தெரியும். தெரிந்துதான் எடுத்தார். “விக்கத் தெரிஞ்சவனப் போட்டா அவனே வித்துகினு இருப்பான். உன்னப் போட்டா வேற வழியில்லாம ஆள் தேடுவ” என்றார். என் வாழ்க்கையில் என் திறமையைச் சரியாகக் கணித்தவர்கள் இரண்டு பேர். இன்னொருவர் என் மனைவி.

கடை அப்போதுதான் வளர ஆரம்பித்திருந்தது. அதுவரை முதலாளியும் அவர் மைத்துனரும் உட்கார்ந்து விற்ற ஒரே கூடம், மாடி ஏறி, கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி மாட்டி, வாட்ஸாப்பில் புடவைப் படம் அனுப்புகிற நிலைக்கு வந்திருந்தது. சரக்கு இருந்தது. தேடி வரும் ஜனமும் இருந்தது. நடுவில் நின்று பேசத்தான் ஆள் இல்லை.

நான் புத்தகம் படிக்கிறவன். அந்த நோய் சின்ன வயதிலிருந்தே உண்டு. வேலூரில் பழைய புத்தகக் கடையில் நிர்வாகவியல் புத்தகங்களாக வாங்கி வந்து, அடிக்கோடு போட்டு, அதிலிருந்த கேள்விகளையே நேர்முகத் தேர்வில் கேட்டேன். “இன்னும் ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?”

பட்டம் படித்து வந்தவர்கள் அழகாகப் பதில் சொன்னார்கள். வேலைக்குச் சேர்ந்த மறுவாரமே அந்த எதிர்காலத்தைத் தேடிச் சென்னைக்குப் போய்விட்டார்கள்.

கோவிந்தராஜ் அதே கேள்விக்கு, “இதே ஆரணி பஸ் ஸ்டாண்டுல தான் சார், வேற எங்க பாப்பீங்க?” என்றார். கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். முட்டி வலி வந்து, படிக்கட்டு ஏறி இறங்க முடியாமல் வேலையை விட்டிருந்தார். நிற்க இடமில்லாத வண்டியில் இன்னும் பத்துப் பேரை ஏற்றி, ஏறியவர்களையும் சிரிக்க வைத்து இறக்கியவர். கடையில் கூட்டம் நெரிந்தாலும் “உள்ள வாங்கம்மா, ஜன்னல் சீட்டு காலியா தான் கீது” என்று உட்கார வைத்துவிடுவார். எங்கள் கூடத்தில் ஜன்னலே கிடையாது.

பர்வீன் திருவிழாக் கடைகளில் வளையல் விற்றவர். முப்பது வயதைத் தாண்டிய, படபடவென்று பேசும் பெண். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான்.

“அஞ்சு வருஷத்துல எங்கம்மா இருப்ப?”

“உங்க சீட்டுல சார்.”

உடனே சேர்த்துக்கொண்டேன். என் நாற்காலிக்கு அதைவிட நல்ல மரியாதை அதுவரை கிடைத்ததில்லை.

கை மாத்துவது

அவர்களையும் இன்னும் சிலரையும் வைத்துத் திங்கட்கிழமை காலைகளில் நான் கூட்டம் நடத்தினேன். புத்தகத்திலிருந்து வாசிப்பேன். தலையாட்டிக்கொண்டே தூங்கும் கலையை அவர்கள் அங்கேதான் கற்றார்கள். வேறு எதையும் நான் கற்றுத் தந்ததாக நினைவில்லை.

அவர்களாகவே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பெயர் கை மாத்துவது.

கல்யாணப் புடவை எடுக்க வரும் குடும்பத்துக்கு ஒரு குரல் ரொம்ப நேரம் தாங்காது. எத்தனை நன்றாகப் பேசினாலும் கொஞ்ச நேரத்தில் சலித்துவிடும். முகங்கள் வாடத் தொடங்கியதும், பேசிக்கொண்டிருந்தவர் எந்த ரோஷமும் இல்லாமல், “பர்வீனு, நீ வந்து ஒரு பார்வை பாரேன்” என்று எழுந்து போய்விடுவார். புதுக் குரல் வந்து உட்காரும். பழைய குரல் பின்னால் நின்று, பிரித்துப் போட்ட புடவைகளை மடிக்கும். விற்றது யார் என்று எவரும் கேட்டதில்லை. மாசக் கடைசியில் கிடைப்பதைச் சமமாகப் பிரித்துக்கொண்டு, பிரியாணி வாங்கி மாடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். என்னையும் கூப்பிடுவார்கள். லெக் பீஸ் மட்டும் என் பக்கம் வராது.

இப்போதும் எங்காவது புதுப் பட்டின் மொடமொடப்பு காதில் விழுந்தால், அந்த மாடியும் அந்தச் சாப்பாட்டு வாசனையும், ஒருவர் பேச்சை மற்றவர் பிடுங்கிக்கொள்ளும் அந்தச் சத்தமும் சேர்ந்தே வருகின்றன. நல்ல அணி ஒன்று அமைந்துவிட்டது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. ஏதோ கடை நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஒரு நதியை இரண்டாகப் பிரித்தல்

அந்தச் சமயத்தில்தான் முதலாளி வேலூரில் ஒரு ஹோட்டலில் நடந்த வியாபார வளர்ச்சி வகுப்புக்குப் போனார். கழுத்தில் அட்டை, கையில் பை, கண்ணில் வெளிச்சத்தோடு திரும்பி வந்தார்.

“போட்டி இல்லாத எடத்துல வளர்ச்சி இல்லய்யா. டீம ரெண்டாப் பிரி.”

“நல்லாத்தான போகுது, மொதலாளி?”

“நல்லாப் போறதுதான் பிரச்சனன்னு சொல்றாங்க.”

அணிகளுக்குப் பெயர் வைத்தார். ஊரை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதியை நடுவில் வெட்டி, கோவிந்தராஜ் அணி ‘கமண்டலம்’, பர்வீன் அணி ‘நாகநதி’. கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை மாட்டினார். எந்த அணி முதலில் காட்டிய புடவை விற்கிறதோ, அந்த அணிக்குப் புள்ளி. விலை கூடினால் புள்ளியும் கூடும். வேலூர் ரோட்டில் புதுக் கடை திறக்கப் போகிறோம். ஜெயித்த அணியின் தலைவர் அங்கே பொறுப்பாளர்.

“தோத்த அணி?” என்று கேட்டேன்.

“தோக்கறவங்கள வெச்சிகினு நான் இன்னா பண்றது?” என்றார்.

அதைச் சொன்னபோது இருவரும் பக்கத்தில்தான் நின்றார்கள். முட்டி போன கண்டக்டருக்குத் திரும்பிப் போக பஸ் இல்லை. பர்வீனுக்கு வருஷம் முழுக்கத் திருவிழா இல்லை. மாடியில் வட்டம் அன்றோடு இரண்டு அரைவட்டமானது.

பிறகு நடந்தவை எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. கமண்டலத்தார் நல்ல புடவைகளைத் மெத்தைக்கு அடியில் ஒளித்தார்கள். நாகநதியார் வாடிக்கையாளரைப் பிடிக்க பஸ் ஸ்டாண்டுக்கே போய் நின்றார்கள். கை மாத்துவது நின்றுபோனது. மாற்றினால் புள்ளி மாறிவிடுமே. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், யாரும் புடவை மடிக்கவில்லை. மடிப்பதற்குப் புள்ளி கிடையாது. சாயங்காலமானால் கூடத்தின் நடுவே பட்டு மலை ஒன்று எழுந்து நிற்கும். அதை மடிக்க, எந்த அணியிலும் இல்லாத ஒரே ஆள் மிச்சம் இருந்தான்.

என் சம்பளத்துக்கு நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இன்னும் ஏறாத தாலி

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருவோம்.

முகூர்த்தப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார். கட்டிக்கொள்ளப் போவது பெண். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் பாலம் போடுவதுதான் எங்கள் தொழில். வழக்கமாக ஒருவர்தான் இரண்டு வீட்டுக்கும் பேசுவார். அன்று பெண் வீட்டாரைக் கமண்டலம் மடக்கியது. மாப்பிள்ளை வீட்டாரை நாகநதி அள்ளிக்கொண்டு போனது.

பர்வீன் மாப்பிள்ளையின் அம்மாவிடம், “எடுக்கறது நீங்கம்மா. நாளைக்கு மேடையில பாத்துட்டு, யாரு எடுத்த பொடவன்னுதான் ஊரே கேக்கும். இந்தப் பச்ச உங்க பேரச் சொல்லும்” என்றார். அந்த அம்மா புடவையின் கரையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இந்தப் பக்கம் கோவிந்தராஜ் பெண்ணின் தாய்மாமனிடம், “கட்டிகினு ஒக்காரப் போறது உங்க பொண்ணு மாமா. முகூர்த்தம்னா அரக்குதான் லட்சணம். பச்சையா? அது நலங்குக்குக் கட்டலாம்” என்றார்.

நலங்கு என்ற சொல் கூடத்தைத் தாண்டிப் போய் விழுந்தது.

“யாரு, இத நலங்குப் பொடவன்னு சொன்னது?” என்று மாப்பிள்ளையின் அம்மா திரும்பினார்.

“உள்ளதத்தான சொன்னாரு” என்றார் தாய்மாமன்.

“எடுக்கறது நாங்க.”

“கட்டறது எங்க பொண்ணு.”

“இனிமே எங்க வீட்டுப் பொண்ணு.”

“இன்னும் தாலி ஏறலியே!”

சொன்ன மாமனுக்கே தூக்கிவாரிப் போட்டது போலிருந்தது. ஆனால் சொன்னதை எப்படி மடித்து வைப்பது? மாப்பிள்ளையின் அப்பா எழுந்ததும், வேட்டியை உதறியதும், டிரைவரைக் கூப்பிடச் சொன்னதும் அப்போதுதான்.

மாப்பிள்ளைக்கு ஓசூரில் லீவு கிடைக்கவில்லை, வரவில்லை. மணப்பெண் ரேவதி இரண்டு குடும்பத்துக்கும் நடுவே, எந்தப் பக்கமும் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவளிடம் யாரும் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

அதை முதலில் பார்த்தவர் பர்வீன். அவர் கோவிந்தராஜைப் பார்த்தார்.

“அண்ணே.”

“ம்.”

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் கூடத்தின் நடுவுக்கு வந்தார்கள். பர்வீன் பச்சையைக் கழற்றி நீட்டினார். கோவிந்தராஜ் அரக்கைக் கழற்றிக் கொடுத்தார். மாற்றிப் போட்டுக்கொண்டு அவரவர் கட்சிக்காரர்களிடம் திரும்பிப் போனார்கள். கல்லாவில் முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். பலகை அவர் தலைக்கு மேல் தொங்கியது. எதிரணியின் புடவையை விற்றால் புள்ளி எதிரணிக்கு என்பது இருவருக்கும் தெரியாததல்ல.

“ஐயா, ஒக்காருங்க, ஜன்னல் சீட்ட விட்டுட்டு எங்க எறங்கறீங்க?” என்று வாசலைப் பார்த்து ஒரு குரல் கொடுத்துவிட்டு, கோவிந்தராஜ் தாய்மாமன் முன்னால் பச்சைப் புடவையில் நின்றார்.

“மாமா, என்னா ஒரு பொடவ பாருங்க! இதப் போயி நலங்குக்குன்னு எவன் சொன்னான்?”

“நீதான்யா சொன்ன!”

“அது அப்போ மாமா. அப்போ நான் அரக்குல இருந்தேன்.”

யாரோ ஒரு சித்தி களுக்கென்று சிரித்தார்.

அந்தப் பக்கம் பர்வீன் அரக்குப் புடவையில், “அம்மா, நான்தான் பேஜார் பண்ணிட்டேன். உங்க மருமவ இதக் கட்டிகினு வந்தா உங்களுக்குத்தான் பெரும” என்றார்.

“ஏம்மா, இவ்ள நேரம் பச்ச பச்சன்னு உசுர எடுத்த?”

“எடுத்தேன். இப்ப அண்ணனப் பாத்தேன். பச்சைக்கு ஆசையே போச்சு.”

எல்லோரும் கோவிந்தராஜைப் பார்த்தார்கள். அவர் முந்தியால் நெற்றி வேர்வையை ஒற்றுவது போல் பாவனை செய்தார். இப்போது சிரிப்பு இரண்டு பக்கமும் பரவியது. வாசலில் ஒரு செருப்பை மாட்டியிருந்த மாப்பிள்ளையின் அப்பா, மறு செருப்பைத் தேடாமல் நின்றார். ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“இன்னாடி சிரிப்பு?” என்றார் அவளுடைய அம்மா. “நீதான் வாயத் தொறந்து சொல்லேன், எது வேணும்?”

ரேவதி கையை நீட்டினாள். பச்சையை நோக்கி இல்லை. அரக்கை நோக்கியும் இல்லை.

“அந்த சார் தோள்ல கீதே, அது.”

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

சண்டை பலத்த நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நான் மலையை மடித்துக்கொண்டிருந்தேன். கை போதாமல் ஒரு புடவையைத் தோளில் போட்டிருந்தேன். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. விலை குறைவு, புள்ளி குறைவு என்பதால் இரண்டு அணியும் அதைப் பிரித்த வேகத்தில் தள்ளிவிட்டிருந்தார்கள்.

“வந்ததுலேர்ந்து அதத்தான் பாத்துகினு இருக்கேன். யாரும் காட்டல” என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா என் தோளிலேயே புடவையின் கரையைப் பிடித்து, விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது. “இவ்ள கம்மியா எடுத்தா, எங்க சனம் இன்னா பேசும்?”

இன்னொரு சண்டைக்கு எல்லோரும் மூச்சை இழுத்தார்கள்.

“சீட்ட யாரும் மேடையில படிக்க மாட்டாங்க, அத்தை” என்றாள் ரேவதி.

அத்தை. நிச்சயம் ஆன நாளிலிருந்து அந்தச் சொல் அவள் வாயில் வந்திருக்கவில்லை போலும். அந்த அம்மா புடவையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, “என்னாங்க, அந்தச் செருப்பக் கழட்டிட்டு வந்து ஒக்காருங்க” என்றார்.

என் வாழ்நாளின் ஒரே விற்பனை அது. விற்றபோது நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெற்றியின் ரகசியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஹாரன்

அவர்கள் வேனுக்குப் போன பிறகு, முதலாளி சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றார்.

“இது எந்த அணி?”

“அவங்க அணி” என்றார் கோவிந்தராஜ், பர்வீனைக் காட்டி.

“ஐய, அண்ணன் டீமு” என்றார் பர்வீன்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மடிப்பதில் மும்முரமாக இருந்தேன். “பேஜாரா போச்சுய்யா உங்களோட” என்று அவர் சாக்பீஸை மேசையில் போட்டார். அதற்குப் பின் அந்தப் பலகையில் எழுதியதாக நினைவில்லை. புதுக் கடை திறந்தபோது பர்வீன் பொறுப்பாளராகப் போனார். கோவிந்தராஜ் பழைய கடையிலேயே எங்களோடு இருந்தார்; யாரும் வேலையை இழக்கவில்லை. இன்றைக்கு அவர் முட்டி முழுசாகப் போய் வீட்டில் இருக்கிறார். நான் எழுத்தை விற்றுக்கொண்டிருக்கிறேன், குக்கர் போன வேகத்தில்தான் போகிறது. வளரும் கடை நல்ல அணியைச் சேர்க்கும், இன்னும் வளர்ந்தால் அதுவே பிரித்தும் விடும். இதை எந்த ஹோட்டல் வகுப்பிலும் சொல்வதில்லை.

ஆனால் அந்தச் சாயங்காலம் அதோடு முடியவில்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது. மாப்பிள்ளையின் அம்மா தனியாகத் திரும்பி வந்தார். மனசு மாறிவிட்டார் என்றே நினைத்தேன்.

“அந்தப் பச்ச இருக்குதா?”

“இருக்குதும்மா” என்றார் பர்வீன். “மருமவளுக்கா?”

“அதான் அது புடிச்சத எடுத்துக்கிச்சே.” கொஞ்சம் தயங்கினார். “என் கல்யாணத்துல நான் பச்சதான் கேட்டேன். யாரும் காதுல போட்டுக்கல.”

பர்வீனும் கோவிந்தராஜும் அந்தப் புடவையை எடுத்து உதறி, ஆளுக்கொரு முனை பிடித்து, அந்த அம்மாவின் தோளிலேயே போட்டார்கள். பர்வீன் முந்தியை வழியவிட்டார். கோவிந்தராஜ் தள்ளி நின்று விளக்கைப் போட்டார்.

வெளியே வேனில் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. அந்த அம்மா கண்ணாடி முன்னால் நின்று, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை அவசரப்படுத்த எங்கள் அணியில் யாருக்கும் மனம் வரவில்லை.